கட்டுப்பாட்டுக் குழு: திண்டுக்கல் பற்றிய ஒரு பிரதியை வாசித்தல்

எங்கள் சின்னம்மாவின் பெயர் ஒரு பதிவேட்டில் இருக்கிறது. பெயர், வயது, பிரஷர், சர்க்கரை, கர்ப்பப்பை வாய், மார்பகம் என்று வரிசையாகப் பத்திகள். மார்பகம் என்ற பத்தியில் ஒரு டிக். அந்த டிக் விழுந்தது 2017-ல். சின்னம்மா செத்தது 2019-ல், மார்பகப் புற்றுநோயில். அந்த வருஷம் இத்தனை பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை செய்யப்பட்டது என்று மேலே போன கணக்கில் சின்னம்மாவும் ஒரு எண். இன்றைக்கும் அது சரியான கணக்குதான். யாரும் அதைத் திருத்தப் போவதில்லை.

முகாம் நடந்தது ஊர்ப் பள்ளிக்கூடத்தில். நிலக்கோட்டைப் பக்கம் பூத்தோட்டம் உள்ள ஊர்கள் எப்படியோ அப்படித்தான் இதுவும். ஊர், நடுவில் ஒரு ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் காலனி. விடியக்காலை நாலு மணிக்கே மல்லிகைப்பூ எடுக்கப் போய், எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, பத்து மணிக்குமேல் எங்கள் தெருப் பெண்கள் போய் வரிசையில் நின்றார்கள். மேசையில் டோக்கன் எழுதிக்கொண்டிருந்த பையன், சின்னம்மா பூ எடுக்கிற தோட்டத்துக்காரர் வீட்டுப் பையன். அவனை வைத்துக்கொண்டே நர்சம்மா கேட்டார், "மார்ல கட்டி கிட்டி ஏதும் இருக்கா?" சின்னம்மா சொன்னார், "இல்லம்மா." டிக்.

கட்டி அதற்கு முந்தியே இருந்தது. பிறகு எங்கம்மாவிடம் சொன்னாராம்: "அந்தப் பயல வச்சுக்கிட்டு எப்பிடிக்கா சொல்றது? விடிஞ்சா அவுக தோட்டத்துக்குத்தானே போகணும்."

நர்சம்மாவைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. ஒப்பந்த வேலை, மேலே இருந்து எண்ணிக்கை கேட்கிறார்கள். ஒன்பது மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கு முடிந்த முகாமில் அறுபது பேருக்குக் குறையாது என்று வரிசையில் நின்றவர்கள் சொல்கிறார்கள். 240 நிமிஷம், 60 பேர், ஆளுக்கு 4 நிமிஷம். அதற்குள் பிரஷர் பார்க்கவேண்டும், ரத்தம் எடுக்கவேண்டும், பெயர் எழுதவேண்டும். மார்பகத்தை ஒழுங்காகப் பரிசோதிப்பது என்றால் உட்காரவைத்தும் படுக்கவைத்தும், இரண்டு பக்கமும், அக்குளிலும், காரை எலும்புக்கு மேலேயும் விரல்களால் அழுத்தித் தேடவேண்டும். அதற்கே அஞ்சாறு நிமிஷம் ஆகும். ஆக, கை படவில்லை. படாததற்குக் காரணம் நேரமா, சாதியா என்று எனக்குத் தெரியாது. அந்த நர்சம்மாவே நம்ம தெருக்காரராகவும் இருந்திருக்கலாம். ஆனால் பதிவேட்டைப் பொறுத்தவரை, நேரமில்லாமல் தொடாத கையும், தொடக்கூடாது என்று தொடாத கையும், நிஜமாகவே தொட்டுத் தேடிய கையும் போடுவது ஒரே டிக்தான்.

கவிதை, கதை பேசுகிற பத்திரிகையில் ஆஸ்பத்திரிப் பதிவேடு எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். பிரதி என்றால் நாவலும் கவிதையும் மட்டும்தான் என்று நாமும் பழகிப்போனோம். ஆசிரியன் செத்துவிட்டான் என்று நமக்கு முந்திய தலைமுறை எவ்வளவு மை செலவழித்தது! பதிவேடும் பிரதிதான். இதில் ஆசிரியன் சௌக்கியமாக இருக்கிறான், பாத்திரம்தான் செத்துப்போனது. நாவலில் நம்மைத் தப்பாக எழுதினால் விமர்சனம் எழுதத் தெரிகிற நமக்கு, அட்டவணையில் நம்மைத் தப்பாக எழுதினால் அதையும் வாசிக்கத் தெரியவேண்டும் இல்லையா?

வாசிக்கலாம் என்று கிளம்பியபோது ஒரு தோழர் ஆங்கிலக் கட்டுரை ஒன்றை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தார். 2007-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. நம்ம திண்டுக்கல் மாவட்டத்தைப் பற்றியது. உலகத்தில் புற்றுநோய்ப் பரிசோதனையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் படித்திருக்கிற கட்டுரை. திண்டுக்கல்லில் நான் விசாரித்த இருபது பேரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. பூட்டு தெரியும், பிரியாணி தெரியும், இது தெரியாது.

அது பேசுவது மார்பகத்தை அல்ல, கர்ப்பப்பை வாயை. ஆனால் ஒரு பரிசோதனைத் திட்டம் நல்லதா கெட்டதா என்று எதை வைத்து அளப்பது என்ற கேள்விக்கு நம் மண்ணிலேயே கிடைத்த பெரிய பிரதி இதுதான். ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ சமூக நல மருத்துவ மையம், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கிற சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகிய மூன்றும் சேர்ந்து செய்தது. பணம் பில், மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையுடையது. மாவட்டத்தில் 114 ஊராட்சிகளை எடுத்து, குலுக்கல் மாதிரி 57, 57 ஆகப் பிரித்தார்கள். ஒரு பாதி ஊராட்சிகளில் 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களுக்குப் பரிசோதனை. கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிஷம் கழித்து வெள்ளையாக மாறுகிறதா என்று பார்ப்பது. நம்ம ஊர்ப் பேச்சில் வினிகர் வைத்தியம். செலவு குறைவு, பயிற்சி பெற்ற நர்சே செய்யலாம். இன்னொரு பாதி ஊராட்சிகளில் அப்படி எதுவும் இல்லை. வழக்கமாக என்ன கிடைக்குமோ அது மட்டும்.

இந்த இன்னொரு பாதிக்கு ஆங்கிலத்தில் கன்ட்ரோல் குரூப் என்று பெயர். தமிழில் எழுதுகிறவர்கள் 'கட்டுப்பாட்டுக் குழு' என்று மொழிபெயர்க்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கிற குழு என்பதுதான் அர்த்தம், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கட்டுப்பாடு என்ற சொல் நம் காதில் எப்படி விழும்? ஊர்க்கட்டுப்பாடு என்றால் என்னவென்று காலனியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். கடையில் சாமான் கொடுக்கக்கூடாது, வேலைக்குக் கூப்பிடக்கூடாது, கிணத்துப் பக்கம் விடக்கூடாது. ஒரு கூட்டத்துக்கு மட்டும் ஒன்றைக் கொடுக்காமல் வைத்திருந்து என்ன ஆகிறது என்று பார்ப்பதற்கு இந்தப் பெயரை வைத்த மொழிபெயர்ப்பாளர் யாரோ, தெரியாமலே நல்ல தமிழ் எழுதியிருக்கிறார்.

இனி எண்கள். பரிசோதனைப் பக்கத்தில் 49,311 பெண்கள். அதில் வந்தவர்கள் 31,343 பேர், நூற்றுக்கு 63.6. சந்தேகம் என்று தெரிந்தவர்கள் 3,088. புற்றுக்கு முந்திய நிலை என்று உறுதியானவர்கள் 1,874. இவர்களில் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்கள் 72 சதவீதம். ஒப்பீட்டுப் பக்கத்தில் 30,958 பெண்கள். 2000 முதல் 2006 வரை பார்த்ததில் அந்த நோயால் இறந்தவர்கள் பரிசோதனைப் பக்கம் 83, ஒப்பீட்டுப் பக்கம் 92. ஒப்பீட்டுப் பக்கம் ஆட்கள் குறைவு, சாவு அதிகம். ஒரு லட்சம் பெண்களை ஒரு வருஷம் பார்த்தால் எத்தனை சாவு என்று வகுத்துப் பார்த்தால் இங்கே 30, அங்கே 51. வயது முதலான வித்தியாசங்களைக் கழித்துவிட்டு அவர்கள் சொன்ன முடிவு: சாவு 35 சதவீதம் குறைகிறது, நோய் வருவதே 25 சதவீதம் குறைகிறது.

ஒரே ஒரு தடவை வினிகர் தடவிப் பார்த்ததற்கு இந்தப் பலன். பெரிய விஷயம். அதைச் சின்னதாக்க நான் எழுதவில்லை. ஆனால் அவர்களுடைய 35 சதவீதத்தையே எடுத்து அந்த 92-ன் மேல் போட்டுப் பாருங்கள். சுமார் 32 பெண்கள். பரிசோதனை அந்த ஊராட்சிகளுக்கும் போயிருந்தால் இருந்திருக்கக்கூடியவர்கள். எந்த ஊராட்சி, எந்தத் தெரு என்று நமக்குச் சொல்ல ஒரு எழுத்து கிடையாது. 2001 கணக்கெடுப்பின்போதும் சரி, 2011-லும் சரி, தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் நாம். கிராமத்துப் பெண்கள் முப்பதாயிரம் பேர் இருக்கிற கூட்டத்தில் நம் தெருக்காரிகள் இல்லாமலா இருப்பார்கள்?

இதைப் பற்றிய சண்டை நடந்திருக்கிறது, நம்மிடம் அல்ல. எரிக் சூபா என்ற அமெரிக்க நோய்க்கூறு மருத்துவர் 2014-ல் இந்திய மருத்துவ அறவியல் இதழில் எழுதினார். திண்டுக்கல், மகாராஷ்டிரத்தில் உஸ்மானாபாத், மும்பைச் சேரிகள் என்று மூன்று இடத்திலும் அமெரிக்கப் பணத்தில் இதே மாதிரி ஆய்வு நடந்தது. மூன்றிலும் பரிசோதனை இல்லாமல் வைக்கப்பட்ட பெண்கள் 1,38,624. அவர்களில் இறந்தவர்கள் 254. பாப் சோதனை பலன் தரும் என்று பணக்கார நாடுகளில் பல வருஷமாகத் தெரிந்திருந்தபோது, சோதனையே இல்லாத ஒரு கூட்டத்தை வைத்துச் சாவை எண்ணியது அறமா என்பது அவர் கேள்வி. ஆய்வு செய்த மருத்துவர்கள் பதில் சொன்னார்கள்: இந்தியாவில் அன்றைக்கு எந்தக் கிராமத்திலும் பரிசோதனை இல்லை, இல்லாததை நாங்கள் பிடுங்கவில்லை, இருக்கிற நிலைமையோடு ஒப்பிட்டோம், இந்த நிரூபணம் இல்லாமல் எந்த அரசாங்கமும் திட்டம் கொண்டுவராது.

இந்தப் பதிலைப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் உறுத்துகிறது. வழக்கமாக என்ன கிடைக்குமோ அது என்று ஒன்று இருக்கிறதே, அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? காலனிக்கு வழக்கமாக ரோடு கிடையாது, வழக்கமாகச் சுடுகாட்டுப் பாதை கிடையாது. இல்லாததை இயற்கை மாதிரி எடுத்துக்கொண்டு அதன்மேல் நின்று அளப்பதற்குப் பெயர் தராதரம் என்றால், அந்தத் தராதரத்தையும் சேர்த்து விமர்சிக்கவேண்டும். மருத்துவர்கள் மேல் எனக்குக் கோபம் குறைவு. எதுவுமே கொடுக்காமல் இருந்ததால் குற்றவாளிப் பட்டியலிலேயே வராத ஒருவர் இருக்கிறார், அரசாங்கம். அவர் மேல்தான் அதிகம்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ளவேண்டும். அளப்பது என்ற வேலையை இந்தப் பிரதி நேர்மையாகச் செய்திருக்கிறது. எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்தோம் என்பதோடு அது நிற்கவில்லை. வராதவர்கள் எத்தனை என்று நமக்குக் கழித்துப் பார்க்க முடிகிறது, 17,968. நோய்க்கு முந்திய நிலை தெரிந்தும் சிகிச்சைக்கு வராதவர்கள் சுமார் 525. கடைசியில் செத்தவர்களை எண்ணியிருக்கிறது. அதற்காக அம்பிளிக்கையில் புற்றுநோய்ப் பதிவகம் ஒன்றையே நடத்தினார்கள். கிராமம் கிராமமாக நோயையும் சாவையும் எழுதிவைக்காவிட்டால் 83-ம் இல்லை, 92-ம் இல்லை. நம்மை வைத்துச் செய்த ஆய்வுதான், ஆனால் நம் சாவை எண்ணிய ஒரே கணக்கும் அதுதான். இந்த முரணை நான் தீர்த்துவைக்கப் போவதில்லை.

ஆய்வு முடிந்து அரசாங்கத் திட்டம் வந்தது. தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டம், பிறகு 2012 வாக்கில் மாநிலம் முழுக்க. கர்ப்பப்பை வாயோடு மார்பகமும் சேர்ந்தது. முப்பது வயது தாண்டிய பெண்கள், ஒரே மேசை, ஒரே பதிவேடு. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. வந்ததெல்லாம் நல்லதுக்குத்தான். ஆனால் ஆய்வு நடந்தபோது ஆறு வருஷம் பின்னாலேயே வந்து செத்தாளா பிழைத்தாளா என்று பார்த்த கணக்கு, திட்டமானபோது காலையில் ஆரம்பித்து மத்தியானம் முடிகிற டிக் ஆகச் சுருங்கிவிட்டது.

தேசியக் குடும்ப நல ஆய்வு, ஐந்தாவது சுற்று, 2019 முதல் 2021 வரை. தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுக்குள் உள்ள பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம், மார்பகப் பரிசோதனை 5.6 சதவீதம். இந்தியா முழுக்க எடுத்தால் 1.9, 0.9. நாம் முன்னணி மாநிலமாம்! உலகத்துக்கே நிரூபித்துக் காட்டிய மாவட்டம் இருக்கிற மாநிலத்தில், பத்தில் ஒன்பது பேருக்கு அது கிடைக்கவில்லை என்பதை முன்னணி என்று வாசிக்கலாம். மாநிலத் தகவல் தாளில் நகரம், கிராமம், மொத்தம் என்றுதான் பத்தி. ஊர், காலனி என்று பத்தி கிடையாது.

அந்த 5.6-ஐயே என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. இங்கேதான் தமிழ் படித்தவனுக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. எம்.ஏ. வகுப்பில் கொங்கை, முலை, நகில், தனம் என்று வரிசையாகப் படித்தோம். பாதாதிகேசம், கேசாதிபாதம் என்று பெண்ணை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் அளந்தோம். ஆசிரியர் வேகமாகத் தாண்டுவார், பையன்கள் சிரிப்பார்கள், பெண்கள் குனிந்துகொள்வார்கள். அத்தனை சொல்லும் பார்க்கிறவனுடைய சொல். வலிக்கிறவளுடைய சொல் ஒன்றுகூடப் பாடத்தில் வரவில்லை. எங்கள் தெருவில் அது மாரு. அதில் எது வந்தாலும் பால் கட்டியிருக்கும் என்பார்கள். கடைசிப் பிள்ளை பால் மறந்து இருபது வருஷம் ஆனவளுக்கும் பால் கட்டிதான். மார்பகம் என்பது அரசாங்கத்தின் சொல், யார் உடம்பிலும் இல்லாத ஒன்று. "மார்பகப் பரிசோதனை செஞ்சிருக்கீங்களா?" என்று எங்கம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "ஆமா, நெஞ்சுல கொழாய வச்சுப் பாத்தாகளே" என்றார். ஸ்டெதாஸ்கோப்! வீடு வீடாகக் கேட்டுப் போகிறவர் இதை ஆமா என்றுதானே எழுதிக்கொள்வார்?

கையால் தொட்டுப் பார்க்கிற மார்பகப் பரிசோதனையை அளந்தவர்கள் இருக்கிறார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2006-ல் ஆரம்பித்த ஆய்வு, 1,15,652 பெண்கள். அதன் முதல் முடிவு 2011-ல் வந்தது. சந்தேகம் என்று அனுப்பப்பட்டவர்கள் பரிசோதிக்கப்பட்டவர்களில் 5.7 சதவீதம். இருந்த புற்றில் கை கண்டுபிடித்தது 51.7 சதவீதம்தான். பாதி தப்பிவிட்டது. ஒன்றுமில்லை போ என்று அனுப்பப்பட்டு, அடுத்த பரிசோதனைக்கு முந்தி நோய் வெளியே வந்த பெண்கள் அவர்கள். ஐரோப்பாவில் எக்ஸ்ரே வைத்துச் செய்கிற திட்டங்களிலும் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்: இரண்டு பரிசோதனைக்கு நடுவில் கிளம்பியது எத்தனை, மறுபடி கூப்பிட்டது எத்தனை பேரை, அழைத்தவர்களில் 70 சதவீதமாவது வந்தார்களா. மும்பைச் சேரிப் பெண்கள் 1,51,538 பேரை வைத்து 1998-ல் ஆரம்பித்து 2021-ல் முடிவு வந்த ஆய்வில், கையால் பார்த்த பக்கம் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 37 சதவீதம், பார்க்காத பக்கம் 47. ஆனால் எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் சாவு குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஐம்பது தாண்டியவர்களிடம்தான் 30 சதவீதம் குறைந்தது என்று அவர்களே எழுதினார்கள். பயிற்சி கொடுத்து, மேற்பார்வை வைத்து, நேரம் ஒதுக்கி, நிஜமாகவே தொட்ட கைகளின் லட்சணமே இதுதான். தொடாத கை எவ்வளவு கண்டுபிடிக்கும் என்பதற்கு ஆய்வு வேண்டியதில்லை.

ஒரு முகாமின் தரத்தைத் தெரிந்துகொள்ள மருத்துவம் படிக்கவேண்டியதில்லை என்று இப்போது நினைக்கிறேன். மார்பகப் பத்தியில் முந்நூறு டிக் இருக்கிற பதிவேட்டில் மேல் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர் ஒருத்தர்கூட இல்லையென்றால், அங்கே கை படவில்லை. திருவனந்தபுரத்துக் கணக்கில் முந்நூறுக்குப் பதினேழு பேர் போயிருக்கவேண்டும். குறைந்து ஐந்து பேர் போனால்கூடச் சரி, யாராவது எதையாவது தொட்டிருக்கிறார்கள். பூஜ்யம் மட்டும் பொய் சொல்லும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் மார்பகப் புற்றுக்கென்று ஒரு முயற்சி ஆரம்பித்தது. அவர்களுடைய அளவுகோல் 60, 60, 80. நோயாளிகளில் 60 சதவீதமாவது முதல் இரண்டு நிலைகளுக்குள் கண்டுபிடிக்கப்படவேண்டும். முதலில் ஆஸ்பத்திரிப் படி ஏறியதிலிருந்து 60 நாளுக்குள் இன்ன நோய் என்று சொல்லிவிடவேண்டும். 80 சதவீதம் பேராவது முழு சிகிச்சையையும் முடிக்கவேண்டும். எத்தனை பேரைப் பார்த்தோம் என்ற கேள்வியே இதில் இல்லை. சின்னம்மாவை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். முதல் படி ஏறியது ஒரு தனியார் மருத்துவரிடம், வலி மாத்திரை கொடுத்தார். பிறகு இன்னொருவர். நோய் என்னவென்று தெரிய அஞ்சு மாசத்துக்கு மேல் ஆனது, நூற்றைம்பது நாளுக்குக் குறையாது. தெரிந்தபோது மூன்றாம் நிலை. மதுரையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் போகிறபோதெல்லாம் கூட ஒரு ஆள், இரண்டு பேருக்கும் பூக்கூலி போச்சு. பாதியில் நின்றுவிட்டார். மூன்று எண்ணிலும் தோற்றவர், டிக்கில் மட்டும் ஜெயித்திருக்கிறார். 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அவருக்கு அது மூன்று வருஷம் பிந்தி.

"நோயில கூடவா தோழர் சாதியப் பாக்குறீங்க?" என்று இடதுசாரி நண்பர் ஒருவர் கேட்டார். கட்டிக்குச் சாதி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடம் ஓடைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதிலும், டோக்கன் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது. தெருவாரியாக எழுதிப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். எழுதி, ஊருக்கும் காலனிக்கும் வித்தியாசமே இல்லை என்று வந்தால் எனக்குச் சந்தோஷம், இந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

எங்கள் தெருப் பெண்கள் சிலரும் நானுமாக நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டிருக்கிறோம். யார் போனார்கள், எந்த நேரம், மேசையில் யார் இருந்தது, மறைப்பு இருந்ததா, கை பட்டதா, மறுபடி வரச் சொன்னார்களா, போனார்களா. கை பட்டதா என்ற பத்திக்கு வந்ததும் பெண்கள் சிரிக்கிறார்கள், அப்புறம் சொல்கிறார்கள். அடுத்த முகாமைக் காலனிச் சமுதாயக்கூடத்தில் வையுங்கள், டோக்கனை எங்கள் பெண்ணே எழுதட்டும், ஒரு சேலையைக் கட்டியாவது மறைப்பு வையுங்கள் என்று மனு கொடுத்திருக்கிறோம். வாங்கிக்கொண்டார்கள். பதில் இன்னும் வரவில்லை.